பாதி அழுத்திய ஸ்விட்ச்

எக்ஸ்ரே அறைக்குள் போய் நின்றவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். ‘உய்ங்ங்’ என்று தொடங்கி, மேலே ஏறி, ஒரே சுருதியில் நிற்கும். அதுதான் கதிர் என்று பலருக்கு நினைப்பு. சத்தம் வந்ததும் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். சிலர் அருணாசலா என்று முணுமுணுப்பார்கள். ஒருவர் சட்டென்று குனிந்தே விட்டார், தலைக்கு மேல் ஏதோ பறந்து வருகிற மாதிரி. உண்மையில் அந்த நேரத்தில் அவர்கள் மேல் எதுவும் படுவதில்லை. அப்போது தேய்வது மெஷின் மட்டும்தான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, கேட்பவர்களுக்குப் பயம் போனபாடில்லை.

திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபது படுக்கை, இரண்டு டாக்டர், ஒரு எக்ஸ்ரே மெஷின், அதற்கு நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நர்ஸ்கள் நோயாளியை அனுப்பும்போதே, ‘அக்கா சொல்றதக் கேட்டு நின்னுக்கோங்க, இல்லாட்டி திட்டும்’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

மெஷினுக்குள் இருக்கும் டியூபைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்த தப்பும் தெரியாது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குடுவை அது. ஒரு பக்கம் கேத்தோடு. அதில் டங்ஸ்டன் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும், ஃபிலமென்ட் என்போம். பழைய குண்டு பல்புக்குள் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதி. எதிர்ப்பக்கம் ஒரு தட்டு, வேகமாகச் சுழலும். சத்தம் போடுவது இந்தத் தட்டுதான். கம்பி சூடேறிக் காய்ந்தால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிப் போய்த் தட்டில் மோதும், மோதுகிற இடத்தில் எக்ஸ்ரே பிறக்கும். விரலை எடுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும். பருத்த ஆளின் இடுப்பை எடுக்க ஜாஸ்தி வேண்டும். ஜாஸ்தி வேண்டுமென்றால் கம்பியை வெள்ளை வெளேரென்று காய்ச்ச வேண்டும். அப்படிக் காயும்போது எலக்ட்ரான் மட்டும் போவதில்லை. கம்பியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கம்பி மெலிந்துகொண்டே வரும், கண்ணாடி கறுத்துக்கொண்டே வரும்.

இதையெல்லாம் நடத்துவது என் கையில் இருக்கும் ஸ்விட்ச். அதற்கு இரண்டு படி. பாதி அழுத்தினால் கம்பி காயும், தட்டு சுழலும், கதிர் வராது. முழுசாக அழுத்தினால்தான் படம் விழும். சும்மா இருக்கும்போது கம்பி மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருக்கும், அதில் பெரிய தேய்மானம் கிடையாது. பாதி அழுத்தி வைத்திருக்கும் நேரம்தான் அதன் ஆயுசைத் தின்கிற நேரம். அதனால், பாதி அழுத்தினால் இரண்டு எண்ணுவதற்குள் முழுசாக அழுத்திவிட வேண்டும் என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையிலும் எழுதினேன். வேலைக்கு வந்த பிறகு அப்படிச் செய்ததே இல்லை.

ஏன் என்று கேட்டால், எங்கள் ஊர் அப்படி. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் வாசலைப் பார்க்க வேண்டும். மலையைச் சுற்றி வெறுங்காலில் நடந்து வந்தவர்கள் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். கூட்டத்தில் யாரோ தள்ளிவிட்டதில் விழுந்தவர்கள், நடைபாதை விளிம்பில் காலை மடக்கிக்கொண்டவர்கள், வழியிலேயே நெஞ்சை அடைத்து உட்கார்ந்துவிட்ட பெரியவர்கள். அவர்களிடம் ‘மூச்சை இழுத்துப் புடிங்க’ என்றால், ‘இன்னாம்மா?’ என்பார்கள். திரும்பச் சொன்னால் இழுப்பார்கள், உடனே விட்டுவிடுவார்கள். அவர்கள் பிடிக்கிற அந்த ஒரு நொடியில் படம் விழ வேண்டும். பிடித்த பிறகு ஸ்விட்சைத் தொட்டால் கம்பி காய்வதற்குள் விட்டுவிடுவார்கள். அதனால் நான் முதலிலேயே பாதி அழுத்தி வைத்துக்கொள்வேன். தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். ‘இழுங்க. இன்னும் இழுங்க. விடாதீங்க. ஐயோ விட்டுட்டீங்களே, மறுபடி இழுங்க.’ நுரையீரல் முழுசாக விரிந்தால்தான் படம் தெளிவாக வரும். படம் ஆடாமல் விழுந்ததும் எனக்கு அப்படி ஒரு திருப்தி. டாக்டர்கள் என் படத்தைப் பார்த்துவிட்டு, ‘அம்மா எடுத்தா ரிப்பீட்டே வேணாம்’ என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கித்தான் கிடந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஐப்பசியில் படங்கள் மங்க ஆரம்பித்தன. வழக்கமான கரண்ட் வைத்தால் போதவில்லை. நான் ஒரு படி ஏற்றினேன். சரியானது. கொஞ்ச நாளில் மறுபடி மங்கியது, மறுபடி ஏற்றினேன். ஏற்ற ஏற்றக் கம்பி இன்னும் வேகமாகத் தேயும், கண்ணாடி இன்னும் கறுக்கும், அப்புறம் இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். எனக்குத் தெரியாததா? தெரியும். காலையில் வந்து நிற்கிற கூட்டத்துக்கு அன்றைக்குப் படம் வேண்டும், அவ்வளவுதான் அப்போது கண்ணில் தெரிந்தது.

சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். அமைதியான ஆள், அளந்து பேசுவார். மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு, ‘நீங்க எடுக்கறத ஒரு வாட்டி பாக்கறேன் மேடம்’ என்று எனக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போது வந்தவர் வேங்கிக்காலில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவர், ஆஸ்துமாக்காரர். நான் வழக்கம்போலப் பாதி அழுத்திக்கொண்டு அவரோடு போராடினேன். படம் விழுந்தது. அவர் போனதும் இன்ஜினியர் சொன்னார்.

‘இந்த ஒரு படத்துக்குப் பத்துப் படம் எடுக்கற சூடு போயிடுச்சு மேடம். இவ்ளோ நேரமா அமுக்கி வெப்பாங்க?’

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ‘அவருக்கு மூச்சே வரல, பாத்தீங்க இல்ல? மிஷினுக்காக ஆளா, ஆளுக்காக மிஷினா?’

‘ஆளுக்காகத்தான். ஆனா நாளைக்கு வர்ற ஆளுக்கும் மிஷின் வேணும் இல்லீங்களா?’

நியாயமான பேச்சைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். அவர் ஒன்றும் கண்டுகொள்ளாமல் கரண்டுக்கு ஒரு வரம்பு வைத்தார், அதற்கு மேல் ஏற்ற முடியாதபடி. புது டியூப் வர நாளாகும், கார்த்திகை தீபக் கூட்டத்தை இந்த டியூபை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

‘தீபம் வரைக்கும் தாங்கணும்மா. அன்னிக்கு மிஷின் நின்னுபோச்சுனா ஜனங்கள எங்க அனுப்பறது? கரண்ட் கம்மியாவே வெச்சு எடு. பாதில அமுக்கி வெக்காத. ரிப்பீட் எடுக்கவே எடுக்காத.’

சரி என்றேன். அன்றிலிருந்து நான் கணக்காக இருந்தேன். இரண்டு எண்ணுவதற்குள் அழுத்தினேன். படம் சுமாராக வந்தாலும் டாக்டரிடம் கொடுத்தேன். ஒரு மாதிரியான வீம்பு அது. என்னைப் பார்த்தா சொன்னீர்கள், இனி பாருங்கள் எப்படி மிச்சம் பிடிக்கிறேன் என்று.

அந்த வீம்பு நாட்களில்தான் என் அண்ணன் வந்தார்.

அண்ணன் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிறார். சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வண்டி. விடிவதற்குள் சந்தையில் காய் ஏற்றிக்கொண்டு வந்து, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் இருக்கிற ஓட்டல்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இறக்குவார். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற இலை தழைகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. பீடி, சிகரெட் கையால் தொட்டதில்லை. அப்பா போன பிறகு என்னை எக்ஸ்ரே டிப்ளமோ படிக்க அனுப்பியவர் அவர். ‘ஆம்பள ஊர்ல இருக்கறப்ப பொட்டப் புள்ள வெளியூர்ல போய் இன்னா படிக்குது?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, ‘உங்களுக்குக் கை ஒடஞ்சா வாங்க, அது படம் புடிச்சுக் காட்டும்’ என்று வாயை அடைத்தவர்.

ஒரு மாதமாக இருமல் என்றார். காலையில் கொஞ்சம் தோள்பட்டை வலியும் இருப்பதாகச் சொன்னார். மூட்டை தூக்குகிற உடம்பு, தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். டியூட்டி டாக்டரிடம் காட்டினேன். அவர் நெஞ்சுப் படம் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்குப் படம் ஓசி. பெரிய டாக்டரின் நல்ல மனசு அது. அதனாலேயே எங்களுக்குள் ஒரு கூச்சம் உண்டு. சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தால் கடைசியில் நிறுத்துவோம், சீக்கிரம் முடித்து அனுப்புவோம். ‘வீட்டு ஆளுன்னா எப்படி பாத்துப் பாத்துச் செய்யுது பாரு’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து பாதி அழுத்தினேன்.

‘இன்னாம்மா சத்தம் இது, அரவ மிஷின் மாதிரி?’ என்று கேட்டார் அங்கிருந்தே. சட்டென்று விரலை எடுத்தேன்.

‘பேசாத ண்ணா. பேசப் பேச டியூப் தேயுது. மூச்ச இழுத்துப் புடி.’

அவர் இழுத்தார். எப்பேர்ப்பட்ட மூச்சு. மார்பு முழுசாக விரிந்து அப்படியே கல்லாக நின்றது. மறுபடி பாதி அழுத்தி, இரண்டு எண்ணுவதற்குள் முழுசாக அழுத்திவிட்டேன்.

படம் கம்ப்யூட்டரில் வந்தது. மங்கலான படத்தைக் கம்ப்யூட்டர் தானே வெளிச்சம் கூட்டிக் காட்டும், ஆனால் இல்லாத விவரத்தை அது எங்கிருந்து கொண்டு வரும்? படம் முழுக்க ரவையைத் தூவினாற்போலப் பொறிப்பொறியாக இருந்தது. கழுத்தெலும்புக்குப் பின்னால் நுரையீரலின் உச்சிப் பகுதி சுத்தமாகத் தெளியவில்லை. இன்னொன்று எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. கை ஸ்விட்சை எடுத்தும் விட்டது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் கரண்டைக் கூட்ட முடியாவிட்டாலும் நேரத்தைக் கூட்டி மறுபடி எடுத்திருப்பேன், யார் கேட்டாலும் சண்டை போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்திருப்பேன். நின்றது என் அண்ணன். ஓசிப் படம். வெளியே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ரிப்பீட் எடுக்காதே என்று சொன்ன பிறகு முதல் ரிப்பீட் என் வீட்டு ஆளுக்கா?

‘இன்னா, இன்னொரு வாட்டியா?’ என்றார் அண்ணன். ‘வேணான்னா வுடும்மா. உன் மிஷின நான் ஏன் தேய்க்கணும்?’

ஸ்விட்சைக் கொக்கியில் மாட்டினேன். டியூட்டி டாக்டர் அவசரத்தில் பார்த்தார். ‘படம் கொஞ்சம் லைட்டா இருக்கு, பெருசா எதுவும் தெரியல’ என்று மருந்து எழுதினார். ‘தெரியல’ என்றுதான் அவர் சொன்னார். வராந்தாவில் காத்திருந்த அண்ணனிடம் போய், ‘ஒண்ணும் இல்ல ண்ணா, நெஞ்சு சுத்தமா கீது’ என்று சொன்னவள் நான். படத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அது படித்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. எத்தனையோ பேர் கெஞ்சிக் கேட்டபோது, ‘டாக்டர்தான் சொல்லணும்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்ன வாய்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னது.

தீபத்தன்று டியூப் தாங்கியது. மறுநாளும் தாங்கியது. மூன்றாம் நாள் ஒரு பெண்மணியின் குதிகாலை எடுக்கும்போது ஸ்விட்சை அழுத்தினேன், சத்தம் வந்தது, படம் வரவில்லை. மீட்டர் முள் அசையவில்லை. கம்பி அறுந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. புது டியூப் அதற்குள் வந்திருந்தது. இன்ஜினியர் வந்து மாட்டிவிட்டு, கழற்றிய பழசை என்னிடம் காட்டினார். கண்ணாடி உள்ளே கருங்கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, என் முகம் அதில் தெரிந்தது. டார்ச் அடித்து ஒரு மூலை வழியாகக் கம்பியைக் காட்டினார். சுருள் முழுக்க ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் அறுந்திருந்தது.

‘எல்லா எடத்துலயும் சமமா தேஞ்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் மேடம். ஒரு எடம் லேசா மெலியும். மெலிஞ்ச எடம் மத்தத விட ஜாஸ்தி சூடாவும். சூடானா இன்னும் மெலியும். வெளிய இருந்து பாத்தா தெரியாது. மீட்டர்ல கூட கடைசி வரைக்கும் பெருசா காட்டாது.’

‘அப்ப முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?’ என்று கேட்டேன்.

‘படம் சொல்லும் மேடம். படம் மங்குதுன்னா பாக்கணும்’ என்றார்.

தை போனது. அண்ணனுக்கு இருமல் நிற்கவில்லை. அண்ணி போன் பண்ணி, ‘நீயே ஒரு வாட்டி சொல்லும்மா, டாக்டராண்ட போகவே மாட்டேன்னுது’ என்றாள். நான் பேசினேன். அவர் சிரித்தார். ‘நீதான் படம் எடுத்துப் பாத்துட்டியே. சுத்தமா கீதுன்னு நீயே சொன்ன. அப்பறம் இன்னாத்துக்கு டாக்டர்?’ என்றார். பனிக் குளிர், காய் மூட்டைத் தூசி, டீசல் புகை என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார். என் பேச்சை ஊரில் யாரும் அப்படி நம்பியதில்லை. டாக்டர் சொல்லியிருந்தால்கூட அவர் இன்னொரு டாக்டரைப் பார்த்திருப்பார்.

மாசியில் ஒருநாள் துண்டில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அண்ணி அழுதுகொண்டே கூட்டி வந்தாள். நானே எடுத்தேன். புது டியூப். கரண்டுக்குத் தடையில்லை. படம் திரையில் வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அதன் அழகுதான், என்ன ஜென்மமோ நான். விலா எலும்பு ஒவ்வொன்றும் கோடு போட்டாற்போல. ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக. அதற்கு அப்புறம்தான் வலப்பக்க உச்சியைப் பார்த்தேன். கழுத்தெலும்புக்குப் பின்னாலிருந்து கீழே வரைக்கும் வெள்ளையாக ஒரு உருண்டை, ஓரமெல்லாம் முள் முள்ளாக. வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் ஓடி வந்தாள்.

வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன், ஊசி போட்டுத் தசை எடுத்தது, எல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அண்ணன், நான், அண்ணி மூன்று பேரும். புற்றுநோய், பரவிவிட்டது, ஆபரேஷன் செய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அவர் மெதுவாக, நல்லபடியாகவே சொன்னார். பிறகு, ‘இதுக்கு முன்னாடி எப்பவாவது எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?’ என்று கேட்டார்.

என் பையில் சி.டி. இருந்தது. கொண்டு வராமல் விட்டிருக்கலாம். கொண்டு வந்துவிட்டேன், எடுத்தும் கொடுத்துவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். கழுத்தெலும்புப் பக்கம் பெரிதாக்கினார். பெரிதாக்க ஆக்க ரவைதான் பெரிதானது.

‘இருந்திருக்கலாம். இதுல எதுவும் சொல்ல முடியாது. படமே சரியில்ல’ என்றார். ‘யாரு எடுத்தாங்க இத? மறுபடி எடுத்திருக்கணுமே.’

நான் வாயைத் திறந்தேன். ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

‘எங்க ஊர்ல எடுத்ததுங்க சார்’ என்றார் அண்ணன். ‘மிஷின் பழசுங்க. எடுத்தவங்க மேல தப்பு இல்ல.’

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அண்ணி ஒன்றும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான், அண்ணி முன்னால் பெண்கள் சீட்டில். போளூர் தாண்டியதும் நான் சொல்லிவிட்டேன். ‘அன்னிக்கே இன்னொரு படம் எடுத்திருக்கணும் ண்ணா. கைல ஸ்விட்ச் இருந்துச்சு. எடுக்காம வுட்டுட்டேன்.’

‘தெரியும்மா. நான்தான வேணான்னேன்’ என்றார்.

‘நீ வேணான்னா நான் வுடணுமா? நீ இன்னா படிச்ச?’

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. நின்றதும், ‘அண்ணிகிட்ட சொல்லாத. அது உன்ன மன்னிக்காது. அப்பறம் நான் போனா அதுக்கு யாரு இருக்கா?’ என்றார். இத்தனை நாளும் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியும் என்றால் தெரியட்டும். என்னால் இதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒரு முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது ஆனி. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஊசி போட்டு எடுக்க வேண்டும். வீல் சேரிலேயே உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் படம் விழும் பலகையை நிறுத்தினேன். சட்டையைக் கழற்றத் தேவையில்லாமல் ஒரு துண்டுதான் போர்த்தியிருந்தார். எலும்பை எண்ண எக்ஸ்ரே வேண்டியதே இல்லை. வெளியே வழக்கமான கூட்டம். வரிசையில் அவர் கடைசி ஆள் இல்லை. நான்தான் முதலில் கூப்பிட்டேன். நர்ஸ் ஒரு பார்வை பார்த்தாள், பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தடுப்புக்குப் பின்னால் வந்து ஸ்விட்சை எடுத்தேன். பாதி அழுத்தினேன். தட்டு சுழலும் சத்தம் மேலே ஏறிச் சுருதியில் நின்றது.

‘மூச்ச இழு ண்ணா.’

இழுத்தார். பாதியில் இருமல் வந்து உடைந்தது. கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று காட்டினார். பொறுத்தேன். விரல் ஸ்விட்சிலேயே இருந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி உடைந்தது. உள்ளே கம்பி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்ஜினியர் சொன்னது, பெரிய டாக்டர் சொன்னது எல்லாம் காதில் இருந்தன. கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ‘மூடு’ என்றேன்.

நிற்காத மெஷின் சத்தத்தைக் கேட்டு அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

‘மிஷின் தேயுதும்மா’ என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. ‘வந்த வரைக்கும் எடுத்துடு.’

‘தேயட்டும். நீ இழு.’

விரல் மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடி, தோளை உயர்த்தி, தன்னால் முடிந்த அளவு மூச்சை இழுத்து நிறுத்தினார். அதற்கு அப்புறம்தான் அழுத்தினேன்.